இரண்டாம் குறுக்குத் தெருவில் கால் அளப்பவள்

டிசம்பர் இருபத்தொன்பது. புறக்கோட்டையில் மழை.
வவுச்சரும் கையுமாக
என் முக்காலிக்கு முன்னால் வரிசை.

எனக்கு முகங்கள் பிடிபடுவதில்லை.
ஒன்பது வருடமாகக் குனிந்தபடிதான்
இந்த நகரத்தைப் பார்க்கிறேன்.
வெள்ளம் ஏறும் தோட்டங்களிலிருந்து வருகிற பிள்ளைக்கு
விரலிடுக்கில் தோல் ஊறி வெளுத்திருக்கும்.
ஈர மேசை அப்படியே மாட்டி அனுப்பியிருப்பார்கள்.
வெள்ளவத்தைப் பிள்ளைக்கு நகம் சுத்தம்,
ஆனால் ஓரத்தை வளைத்து ஆழமாக வெட்டியிருக்கும்.
அந்த ஓரம்தான் பிறகு சதைக்குள் ஏறும்.
"நேரா வெட்டுங்க" என்று சொல்லிவிட்டால் போதும்,
சப்பாத்து விற்கிறவளுக்கு இது என்னத்துக்கு
என்று ஒரு பார்வை.

"ரெண்டு சைஸ் கூடத் தாங்க மிஸ், வளர்ற கால்தானே."
தருகிறேன்.
முனையில் பஞ்சு அடைத்து,
குதிகாலில் கொப்புளம் வெடித்து,
அடுத்த டிசம்பரில் கால் அளவுக்கு வரும்போது
சப்பாத்து வாய் பிளந்திருக்கும்.
வளர்வது நாளைக்கு. நடப்பது இன்றைக்கு.
இதைச் சொன்னதில்லை. முதலாளி கல்லாவில் இருக்கிறார்.

இன்றைக்கு டிலுக்சிகா வந்தாள்,
ஜனவரியில் ஐந்தாம் வகுப்பு.
தாயின் ஷொப்பிங் பேக்கில் போன வருடத்து வெள்ளைச் சப்பாத்து,
பூசிப் பூசிச் சுண்ணாம்புச் சுவர் மாதிரி.
பின்னால் தம்பி, முதலாம் வகுப்புக்குப் போகிறவன்.
வவுச்சர் ஒன்று. கால்கள் நாலு.

பலகையில் பாதத்தை வைத்தாள்.
அளவு ஒன்று.
"பாத்தீங்களா அம்மா, பழசே போதும்.
தம்பிக்கு எடுப்பம்."

பெருவிரலின் கணு
சின்னக் குன்று போல எழும்பி நின்றது.
"விரலை நீட்டு மகள்."
"நீட்டித்தான் இருக்கு மிஸ்."

நான் அவளோடு வாதாடவில்லை.
செருப்பை வாசலில் கழற்றிவிட்டு
மழைக்காலோடு நடந்து வந்திருந்தாள்.
சிவப்புச் சீமெந்தில்,
கதவிலிருந்து முக்காலி வரை,
ஆறு ஈரத் தடங்கள்.
யாரும் பார்க்காதபோது நடந்த தடங்கள்.
ஒவ்வொன்றிலும் ஐந்து விரலும் முழுசாக,
நடுவில் வளைவே இல்லாத தட்டைப் பாதம்.

ஃபேன் காற்றில் ஓரங்கள் காயத் தொடங்கின.
அளவுகோலை எடுத்துப்போய்த்
தரையில் வைத்தேன்.
இரண்டரை.

தாய் பார்த்தாள்.
பிறகு மண்டியிட்டுப் பிள்ளையின் விரலைத் தானே விரித்தாள்.
நகத்தின் ஓரம் சிவந்து வீங்கி,
மேலே பேனாக்கறை படிந்த பிளாஸ்டர்.
"எப்ப இருந்து?"
"காலைக் கூட்டத்துல நிக்கக்குள்ள மட்டும்தான் நோகும்."

தேசிய கீதம் முடியும்வரை
எத்தனை காலைகள் என்று
நான் கணக்குப் பார்க்கவில்லை.
சுடுதண்ணியில் உப்புப் போட்டு வைக்கச் சொன்னேன்,
சீழ் கண்டால் நீங்களே கிண்டாமல்
பொறளையில் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றேன்.
மூன்றாம் அளவு எடுத்து
முனையில் என் பெருவிரல் அகலம் இடம் விட்டு
அமத்திக் காட்டினேன்.
அவள் கடைக்குள் இரண்டு தரம் நடந்தாள்.
மூன்றாம் தரம் கொஞ்சம் ஓடினாள்.

தாய் காசை எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.
பேர்ஸின் உள்ளறையையும் திறந்தாள்.

இவ்வளவு நேரமும்
தம்பி ஒரு சொல் பேசவில்லை.
தன் முறை வந்ததும் முக்காலியில் ஏறி,
பலகையில் காலை வைத்து,
அக்காவை ஒருதரம் பார்த்து,
மெல்ல
விரல்களை மடக்கினான்.

உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டினேன்.
ஐந்தும் விரிந்தன.

பதினொன்று.

"என்ன அங்க சிரிப்பு?" என்றார் முதலாளி.
அடுத்த பிள்ளை
மேசைக் கழற்றிக்கொண்டிருந்தது.